உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்: அறிவுரை என்னும் தீண்டாமை

1

தலித் எழுத்து அடியைப் பதிவு செய்திருக்கிறது. சாணிப்பாலை, சவுக்கை, தனிக் குவளையைப் பதிவு செய்திருக்கிறது. வசையை எழுத்தெழுத்தாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, “உன் நல்லதுக்குத்தான் சொல்றேம்மா” என்று ஆரம்பிக்கிற பேச்சை நாம் போதுமான அளவு எழுதவில்லை என்றே எனக்குப் படுகிறது. காரணம் எளிது. அடி வலிக்கும், வசை சுடும். அறிவுரை வாங்கும்போது வலிக்காது. வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு, “சார் ரொம்ப நல்ல மனுசன்” என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்வோம். அது நம்மை என்ன செய்தது என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட நம்ம பிள்ளைகளிடம், பள்ளியிலும் கல்லூரியிலும் வழிகாட்டி என்ற பெயரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் சொன்ன பேச்சைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கவிதையை, கதையை வாசிக்கிற மாதிரி அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். யார் பேசுகிறார்? யாரிடம்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? பேச்சு முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்? எம்.ஏ. தமிழில் எனக்குச் சொல்லிக் கொடுத்த திறனாய்வு இதற்காவது பயன்படட்டும்.

2

அண்ணனூரில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று போய் சென்ட்ரலில் இறங்கலாம். வெளியே வந்து நடந்தால் சென்னை மருத்துவக் கல்லூரி. 1835இல் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். எங்க காலனி சனங்களுக்கு அந்த இடம் நல்லாத் தெரியும். ‘ஜி.எச்.’ என்றால் சீட்டு வாங்க வரிசையில் நிற்க, வார்டு வராந்தாவில் படுக்க, சில நாள் பிணவறை வாசலில் காத்திருக்கப் போகிற இடம். பக்கத்தில் இருக்கிற கல்லூரிக் கேட்டுக்குள் படிக்கப் போகலாம் என்பது மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லாத சேதி.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜூன் மாதம், பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கிவிட்டு, அம்மாவோடு ப்ளஸ் ஒன் சேரப் போனேன். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாப் பள்ளியும் அதுதான். அம்மா சொன்னது இது: “பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது சார், அதுக்கு இன்னா குரூப்போ அதைப் போட்டுக் குடுங்க.” அவர் மதிப்பெண் தாளைப் பார்க்கவில்லை. சாதிச் சான்றிதழைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்பா என்ன பண்றாரு?” அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஹெல்ப்பர் என்றாள் அம்மா. அதன் பிறகு அவர் குரல் இளகிவிட்டது. அந்த இளக்கத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேம்மா. பயாலஜி குரூப்புக்கு டியூஷன் வைக்கணும். அப்புறம் என்ட்ரன்ஸ் எழுதணும். அதுக்கு கோச்சிங் போகணும். உங்கப்பாவால முடியுமா? ஹிஸ்டரி குரூப் எடு. அதுலயே நல்ல மார்க் வாங்கினா டீச்சர் வேலைக்குப் போயிடலாம். உங்களுக்கெல்லாம் வேலை ஈஸியா கிடைக்கும்.” அம்மா அழுதுவிட்டாள், நன்றியில். இவ்வளவு அக்கறையாக எங்களிடம் யாரும் பேசியதில்லை.

அவர் சொன்ன என்ட்ரன்ஸ் என்ன ஆனது? மருத்துவம், பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984இல் வந்தது. 2005இலும் 2006 தொடக்கத்திலும் அதை எடுத்துவிட அரசு முயன்று உயர் நீதிமன்றத்தில் தோற்றது. அடுத்து வந்த ஆட்சி குழு அமைத்து, சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. நான் ப்ளஸ் டூ எழுதியது 2008 மார்ச். அதாவது எந்தச் சுவரைக் காட்டி அவர் என்னைத் திருப்பி அனுப்பினாரோ, அந்தச் சுவர் நான் போய்ச் சேருவதற்கு முன்பே இடிந்துபோயிருந்தது. 2016 வரை ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்ற நிலைமை இருந்தது. சரியாக அந்தப் பத்து வருஷத்துக்குள் நின்றுகொண்டு நான் வரலாற்றுப் பாடம் படித்தேன்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நுழைவுத் தேர்வை ஒழிப்பது அந்த ஒரு வருஷம் முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்ட விஷயம். வழிகாட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்தவர் அதைப் படித்திருக்க வேண்டாமா? படித்திருப்பார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையனுக்கு அதையே சொல்லி பயாலஜி குரூப் போட்டார். அவன் மதிப்பெண் என்னைவிடக் குறைவு. அவன் சாதியை நான் எழுத வேண்டியதில்லை.

நான் டாக்டராகியிருப்பேன் என்று சத்தியம் செய்யவில்லை. தோற்றிருக்கலாம். தோற்கிற உரிமைகூட எனக்குத் தரப்படவில்லை என்றுதான் சொல்கிறேன். தேர்வில் தோற்றவருக்கு ஒரு எண் கிடைக்கும். அறிவுரையில் தோற்றவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ‘விண்ணப்பிக்கவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் அவர் காணாமல் போகிறார். பிறகு, “தலித்துகள் விண்ணப்பிப்பதே குறைவு” என்று அதை வைத்தே நம் மேல் குற்றமும் சாட்டுவார்கள்.

3

எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு அண்ணனூர், திருமுல்லைவாயில், ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருகிற அறிவுரைகளைக் கொஞ்ச காலமாகக் குறித்து வைக்கிறேன். ஆள் வேறு, பள்ளி வேறு. பாட்டு மட்டும் ஒன்றேதான். நாலைந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ‘தாங்காது’ வகை. முதல் குரூப் உனக்குத் தாங்காது, தொழிற்பிரிவு எடு. இதில் மிகக் கொடுமையானது எது என்றால், “டாக்டர்தானே ஆகணும்? நர்சிங் குரூப் எடு, ரெண்டும் ஆஸ்பத்திரிதானே” என்று சொல்வது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவு நர்சிங்கில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடுகிறது. அந்த இடத்தில் கதவு சாத்தப்பட்டது என்று பதினெட்டு வயதில்தான் அதற்குத் தெரிகிறது. நர்ஸ் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து எடுத்தால் மரியாதை. ஏமாந்து எடுத்தால் அது வேறு பேர்.

இரண்டாவது, ‘உங்க கோட்டா’ வகை. “உங்களுக்கு கோட்டா இருக்கு, ரொம்ப மெனக்கெட வேணாம்” என்பது ஒரு குரல். “நீ எஸ்.சி. லிஸ்டுலதான் வருவ, பொதுவுல உனக்கு இடமில்லை” என்பது இன்னொரு குரல். இரண்டும் பொய். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3. மிச்சமுள்ள 31 சதவீதம் பொதுப் போட்டி. பொதுப் போட்டி என்றால் மேல்சாதிக்கு எழுதி வைத்த பாகம் அல்ல, எல்லாருக்கும் திறந்த இடம். மதிப்பெண் இருந்தால் தலித் மாணவர் முதலில் அங்கேதான் வைக்கப்பட வேண்டும். முதல் குரல் பிள்ளையைச் சோம்பேறியாக்குகிறது, இரண்டாவது குரல் குறுக்கி வைக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, ‘பள்ளி மாற்று’ வகை. நீட் தேர்வு 2017இல் தமிழ்நாட்டின் மீது இறங்கிய பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியிலிருந்து கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டார்கள். அதன் பிறகுதான் நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீத உள் ஒதுக்கீடு தரச் சொல்லி, அரசு 7.5 சதவீதம் என்று 2020இல் சட்டம் செய்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அதன் வழியே கிடைத்தன. இதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. இதைச் சொல்லாமல், “ப்ளஸ் ஒன்னுக்கு எய்டட் ஸ்கூலுக்கு மாத்திடுங்க, அங்க சயின்ஸ் நல்லா நடத்துவாங்க, அதுவும் கவர்மென்ட் மாதிரிதான்” என்கிறார்கள். அந்த ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் மொத்தப் படிப்பும் போய்விடும்.

நாலாவது, ‘பணம்’ வகை. “சீட்டு கிடைச்சாலும் பிரைவேட் காலேஜ்ல கிடைச்சா யார் கட்டுறது?” 2020இல் முதல் கலந்தாய்வில் இந்தப் பயத்தாலேயே சில மாணவர்கள் கைக்கு வந்த இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகே, இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்கு 2012இல் வந்த அரசாணை 92ஐ இந்த இதழ் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் எந்த வழிகாட்டியும் அந்த எண்ணை உச்சரித்து நான் கேட்டதில்லை. இன்னொன்று. எங்க ஏரியாவில் எஸ்டேட் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் நிறைய. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கென்று ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி இடங்கள் உண்டு. அப்படி ஒரு கல்லூரி கே.கே. நகரிலேயே இருக்கிறது. நீட் எழுதித்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டையைக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும் வைத்திருக்கிற தகப்பனுக்கு இதை யார் சொல்வது?

ஐந்தாவது கல்லூரியில் நடப்பது. ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்து, நீட்டில் மதிப்பெண் போதாமல், கலைக் கல்லூரிக்கு வருகிற பிள்ளையிடம் சொல்வது: “விலங்கியல் சேரு, பி.எஸ்சி. முடிச்சிட்டு அப்புறம் டாக்டருக்குப் போயிடலாம்.” அமெரிக்காவில் அப்படித்தான். முதலில் பட்டம், பிறகு மருத்துவக் கல்லூரி. இங்கே எம்.பி.பி.எஸ். என்பது பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து போகிற படிப்பு. பி.எஸ்சி. முடித்தாலும் மறுபடி அதே நீட்தான். மூன்று வருஷம் போனதுதான் மிச்சம். துறையில் ஆள் சேரவில்லை என்றால் ஆசிரியர் பணியிடம் போய்விடும், அதனால் இப்படிச் சொல்லிச் சேர்க்கிறார்கள். தனியார் பாராமெடிக்கல் டிப்ளமாவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் உண்டு. இந்த அறிவுரைக்குப் பின்னால் சாதியோடு கூட வயிற்றுப் பிழைப்பும் இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த ஐந்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் விடுபட்டிருக்கும், அதன் இடத்தில் ஒரு பரிவு உட்கார்ந்திருக்கும். பாடத் தகுதி, பொதுப் போட்டி, ஆறு முதல் பன்னிரண்டு, அரசாணை எண் எல்லாம் நாலு வரியில் சொல்லிவிடக் கூடியவை. அதைச் சொல்ல நேரமில்லை. உங்கப்பாவால முடியுமா என்று கேட்க மட்டும் நேரம் இருக்கிறது.

4

இந்தப் பிரதிக்கு நீண்ட வரலாறு உண்டு. பம்பாயில் பள்ளி மாணவராக இருந்த அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். விடவில்லை. பாரசீகம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குரூப் மாற்றிப் போடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது. பின்னாளில் அவர் தன் முயற்சியில் சமஸ்கிருதம் கற்று, சாத்திரங்களை அவற்றின் களத்திலேயே போய் எதிர்கொண்டார். ஏன் அந்தப் பாடத்தை மறுத்தார்கள் என்பதற்கு அதுவே பதில்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூத்தன்’ தன்வரலாறு இந்தியில் 1997இல் வந்தது. அதில் பள்ளி மைதானத்தைச் சிறுவனைப் பெருக்க வைக்கிற காட்சியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் வேறு. வேதியியல் ஆய்வகத்துக்குள் அவரை விடாமல் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே நிறுத்துகிறார்கள். மற்றப் பாடங்களில் தேறியவர் அந்தச் செய்முறையில் விழுகிறார். துடைப்பம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வகக் கதவு தெரிவதில்லை. விமர்சகர்களாகிய நாமும் துடைப்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது.

கறுப்பின மக்களின் கதையிலும் இதே குரல் உண்டு. மால்கம் எக்ஸ் வகுப்பில் கெட்டிக்கார மாணவராக இருந்தவர். வக்கீலாக விரும்புகிறேன் என்று சொன்னபோது, அவரைப் பிடித்திருந்த வெள்ளை ஆசிரியர் யதார்த்தமாக யோசிக்கச் சொல்லி, தச்சு வேலைக்குப் போகச் சொன்னார். அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக மால்கமே நினைக்கவில்லை. அந்த நாளோடு தன் வாழ்க்கை திரும்பியது என்று மட்டும் தன்வரலாற்றில் பதிவு செய்கிறார். மருத்துவத்தில் இந்த அறிவுரை அறிக்கையாகவே அச்சாகியது. 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை, கறுப்பின மருத்துவர்களுக்கு அறுவை சிகிச்சையைவிடச் சுகாதாரப் பயிற்சியே பொருத்தம் என்றது. அப்போது இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட வழி செய்தது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒருவர் காதோடு சொல்வதும், ஒரு தேசம் அறிக்கையாகச் சொல்வதும் ஒரே வாக்கியம்தான்: உனக்கு ஏற்றது இது.

நம் பக்கத்து அறிவுரை ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் அண்ணன் தங்கையிடம் சொல்கிறார்: இந்தச் சாதியில் பிறந்த நமக்கு மதிப்பு கிடையாது, ஆனால் படித்து முன்னேறினால் இந்த இழிவுகளைத் தூக்கி எறியலாம். நூலகத்தில் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டதும் மரியாதை மாறியதை அவரே அனுபவத்தில் கண்டவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தங்கை படித்தாள். ‘உன்னால் முடியாது’ என்ற குரலுக்கு எதிரே ‘நீ முடிப்பாய்’ என்ற இந்தக் குரலை வைத்தால், அறிவுரை என்ற வடிவம் குற்றமில்லை, அது எங்கே நின்று சொல்லப்படுகிறது என்பதே பிரச்சினை என்று விளங்கும்.

ஆனால் அண்ணன் சொன்னதையும் நாம் கேள்வி கேட்காமல் விட முடியாது. படித்தால் சாதி உதிர்ந்துவிடுமா? பாமாவின் நூலே இல்லை என்கிறது. படித்து வேலைக்குப் போன பிறகும், மடத்துக்குப் போன பிறகும் சாதி அவரைத் தேடி வந்து கேட்கிறது. மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்களுக்கும் அதுவே. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஆசிரியர்களிடமும் விடுதியிலும் சந்தித்த பாகுபாட்டை சுகதேவ் தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பில் இருந்த பழங்குடிப் பெண் பாயல் தத்வி உயிரிழந்தார். மூத்த மாணவியரின் சாதிய இழிவே காரணம் என்று குடும்பம் புகார் செய்து, மூன்று மருத்துவர்கள் கைதாகி, அது வழக்கானது. ஆகவே நம் பிள்ளைகளிடம் ‘டாக்டர் ஆயிட்டா சாதி போயிடும்’ என்று சொல்வதும் கெட்ட அறிவுரைதான். சாதி போகாது, ஆனாலும் அந்த இடம் உன்னுடையது, போய் உட்கார் என்று சொல்ல வேண்டும்.

5

டாக்டர் படிப்பு என்றதும் ஏன் இவ்வளவு பதற்றம்? உடம்பு சம்பந்தப்பட்ட வேலை அது. நம் சமூகத்தில் உடம்பைத் தொடுகிற வேலையெல்லாம் யாருடையது? பேறுகாலம் பார்த்துத் தொப்புள்கொடி அறுத்தது யார்? பிணத்தைத் தூக்கியது யார்? அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் கத்தி பிடித்து உடம்பைத் திறக்கிற ஊழியர்களின் சாதியை விசாரித்துப் பாருங்கள். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது, ஓர் உயர்சாதி இந்து தீட்டை மீறிவிட்டார் என்று அதைப் பெரும் புரட்சியாகக் கொண்டாடினார்கள். கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்வார்கள். அவர் தொட்டால் அறிவியல், நாம் தொட்டால் தொழில். அதே கத்திதான். ஒரு கைக்கு ஸ்டெதாஸ்கோப்பும் இன்னொரு கைக்கு சாராய நாற்றப் பட்டமும் வந்தன.

தலித் அரசியலின் முன்னோடி அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1907இல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கியவர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தும் வாழ்ந்தவர். மருத்துவம் நமக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

இடம் கேட்டு வந்த வரலாறும் அப்படித்தான். வகுப்புவாரி அரசாணையின்படி சென்னை மாகாணத்தில் 14 இடங்கள் இருந்தால் அதில் 2 தாழ்த்தப்பட்டோருக்கு. அதை எதிர்த்து வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. இருந்தும் 1951இல் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. அதை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்த பிறகு அந்த வருஷமே அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது. கவனியுங்கள். விண்ணப்பிக்காத ஒருவர் ‘என் இடம் பறிபோயிற்று’ என்று சொல்ல முடிந்தது, நாடே கேட்டது. எங்க காலனியில் விண்ணப்பிக்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் இடம் பறிபோயிற்று என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

6

அனிதாவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர். தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. ப்ளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறையில் மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் 720க்கு 86. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார். செப்டம்பர் 1ஆம் தேதி அவரை நாம் இழந்தோம்.

அதற்குப் பிறகு வந்த பேச்சுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். “வேற படிப்புல சீட்டு இருந்ததே, அதை எடுத்திருக்கலாமே.” “அடுத்த வருஷம் எழுதியிருக்கலாமே.” செத்துப்போன பிள்ளைக்கும் அறிவுரை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பதினேழு வயது தலித் பெண், யாருடைய ‘தாங்காது’க்கும் மசியாமல் படித்து, மதிப்பெண் எடுத்து, விதி மாறியபோது நாட்டின் பெரிய நீதிமன்றத்தின் படியேறிக் கேட்டாள். அவள் செய்த அந்தக் காரியத்தை விட்டுவிட்டு, அவள் செய்யாததைப் பற்றியே பேசினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அனிதாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படியேறியதை. நீங்கள் உயிரோடு இருந்து சண்டை போட வேண்டும். துக்கம் தாங்கவில்லை என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நடுராத்திரியானாலும்.

7.5 சதவீதச் சட்டம் அனிதாவுக்குப் பிறகு வந்தது. அவர் ப்ளஸ் டூ படித்தது தனியார் பள்ளியில். அந்தச் சட்டம் அப்போது இருந்திருந்தாலும் அவருக்குப் பயன்பட்டிருக்காது. நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இலும் மறுபடி 2022இலும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. எனவே சுவர் அப்படியே நிற்கிறது. இந்தச் சுவர் 2007இல் ஒரு முறை இடிந்ததை நான் மறக்கவில்லை. இடிய வேண்டும் என்று பேசிக்கொண்டே, இடிகிற வரைக்கும் ஏறுவதற்கு ஏணியும் போட வேண்டும்.

7

நல்ல வழிகாட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்த கேளுஸ்கர், அத்தோடு நிற்கவில்லை. பரோடா மன்னரிடம் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். மேல்சாதிக்காரர்தான். இதிலிருந்து நான் ஓர் அளவுகோல் எடுத்துக்கொள்கிறேன். அறிவுரை சொன்னவர் எழுந்து கூட வந்தாரா? விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுத்தாரா? கடைசித் தேதியைச் சொன்னாரா? விதியைக் காட்டினாரா? வந்தவர் ஆசிரியர். நாற்காலியை விட்டு எழாமல் ‘நல்லதுக்குச் சொன்னவர்’ வாசற்காரர்.

போன வருஷம் மே மாதம் ஒரு தங்கச்சி படிப்பகத்துக்கு வந்தாள். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவள். யாரோ சொன்னதைக் கேட்டு உதவி பெறும் பள்ளிக்கு மாறுவதற்காக டி.சி.க்கு எழுதிக் கொடுத்திருந்தாள். “எப்போ வாங்கப் போற?” “நாளைக்குக்கா.” அன்றைக்கு ராத்திரியே அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா சொன்னாள்: “பெரிய மனுசங்க சொல்றாங்கன்னு கேட்டுக்கினோம் கண்ணு. எங்களுக்கு இன்னா தெரியும்?” மறுநாள் காலையில் நாலு பேராகப் பள்ளிக்குப் போய், விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி, அங்கேயே உயிரியல் பிரிவில் சேர்த்தோம். தலைமையாசிரியை அம்மாவுக்கே அந்த விதியைத் தாளில் காட்ட வேண்டியிருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, “இதை போர்டுல எழுதிப் போட்டுடறேன்” என்றார். எழுதியும் போட்டார். அவளுக்கு இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அதன் பிறகு படிப்பகத்தில் ஒரு இருநூறு பக்க நோட்டு போட்டிருக்கிறோம். ‘சொன்னாங்க’ என்று அட்டையில் எழுதியிருக்கிறது. இடது பக்கம், பிள்ளைகளுக்கு யார் என்ன அறிவுரை சொன்னார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே, தேதியோடு எழுத வேண்டும். வலது பக்கம், விதி என்ன சொல்கிறது என்று நாங்கள் தேடி எழுதுவோம். இடது பக்கம் வேகமாக நிரம்புகிறது. எங்க அம்மாக்கள் சிலர் வந்து, தங்கள் காலத்தில் தங்களுக்குச் சொன்னதையும் பிள்ளைகளைக் கொண்டு எழுத வைக்கிறார்கள். “பொட்டப் புள்ளைக்கு அஞ்சாவது போதும்” என்று ஆரம்பிக்கிறது ஒரு பக்கம்.

தலித் தன்வரலாறு எங்கே போய்க்கொண்டிருக்கிறது, அடுத்து என்ன எழுதுவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த நோட்டின் இடது பக்கத்தை எழுதுங்கள் என்பேன். எழுதும்போதே வலது பக்கத்தையும் நிரப்புங்கள். நம் எழுத்தில் கோபத்துக்குப் பஞ்சமில்லை. அரசாணை எண்ணுக்குத்தான் பஞ்சம். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு விடுதியிலும், ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்னால் இப்படி ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

அந்தத் தங்கச்சி போன வாரம் எழுதிய வரி இது: “கெமிஸ்ட்ரி கஷ்டமா இருந்தா காமர்ஸுக்கு மாறிக்கோன்னு சொன்னாங்க. கஷ்டமாத்தான் இருக்கு. மாறல.” வலது பக்கத்தில் எழுத எங்களுக்கு ஒன்றும் இல்லை. வேதியியல் சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். அண்ணனூர்ப் பக்கம் வரக்கூடிய தோழர்கள் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள்.